பூரணியின் விரல் ஏன் உடைகிறது?

பூரணியின் வலது கை ஆள்காட்டி விரல் அந்த வருஷத்தில் நாலாவது தடவையாக உடைந்தது. ஏன் உடைந்தது என்று கம்பெனிக்குத் தெரியவில்லை, சர்வீஸ் செய்ய வந்தவருக்குத் தெரியவில்லை, பூரணியை வாங்கிய வீட்டுக்காரர்களுக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி, கோவில்பட்டியில், ஒன்றும் அறியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் வேலுக்கனி.

பூரணி ஓர் இயந்திரம். ஆள் உயரம், ரப்பர் தோல், உருண்டை முகம். சென்னை சோழிங்கநல்லூரில் இருபத்தேழாவது மாடி வீடு ஒன்றில் மிதுளா என்கிற ஐந்து வயதுப் பிள்ளையைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுவது அதன் வேலை. "தானே யோசிக்கும், தானே செய்யும். லீவு கேட்காது, ஊர்க்கதை பேசாது" என்று சொல்லித்தான் கம்பெனி விற்றது. வெளி ஆள் ஒருத்தி வீட்டுக்குள் வந்து போகவேண்டிய அவசியமே இல்லை என்றதும் சனம் வரிசையில் நின்று வாங்கியது.

யோசிப்பதாவது, செய்வதாவது! கோவில்பட்டியில் மூடிப்போன தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றின் மாடியில் நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நாற்காலிக்கு ஒரு பெண். கண்ணில் பெரிய கண்ணாடி, இரண்டு கையிலும் கம்பி வைத்த கையுறை. இங்கே இவள் கையைத் தூக்கினால் அங்கே சென்னையில் பூரணி கையைத் தூக்கும். பூரணியின் கண்ணில் படுவது இவள் கண்ணாடியில் தெரியும். உள்ளே நடப்பதை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஏதோ பொம்மை செய்கிறார்கள் போல என்று நினைத்த ஊர், அந்த இடத்துக்குப் பொம்மை ஆபீஸ் என்று பெயர் வைத்துவிட்டது.

பேச்சுக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. வேலுக்கனி என்ன பேசினாலும் அங்கே பூரணியின் தேன்குரலில், பாடப் புத்தகத் தமிழில்தான் கேட்கும். "ஏட்டி, வாயத் தொறயேன், எம்புட்டு நேரமா கெஞ்சுதேன்" என்று இவள் கத்தினால், "மிதுளா, தயவுசெய்து வாயைத் திற" என்று அது சொல்லும். முதல் நாள் அதைக் கேட்டு, பக்கத்து நாற்காலி ரெஜினாவும் இவளும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

குரலை மாற்றலாம், பேச்சை மாற்றலாம், கையை என்ன செய்ய? பிள்ளைக்குத் தலை சீவி, சீருடை போட்டு, பையை மாட்டி வாசலில் நிறுத்தும்போது, அது சின்னதாக ஒரு ராணி மாதிரி நிற்கும். அவ்வளவுதான், வேலுக்கனியின் கை சும்மா இருக்காது. இரண்டு கன்னத்தையும் வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப் பொட்டில் வைத்து ஒரு அழுத்து. இங்கே படபடவென்று நெட்டி முறியும். அங்கே பூரணிக்கு முறிவதற்கு நெட்டி ஏது? அழுத்தி அழுத்தி என்றைக்காவது ஒரு நாள் 'டக்' என்று விரல் மோட்டார் ஒன்றுதான் முறியும். செய்யக் கூடாது என்று தினமும் நினைப்பாள், தினமும் செய்வாள். கண்ணேறு கழிக்காமல் பிள்ளையை எப்படித் தெருவுக்கு அனுப்புவது?

மிதுளாவுக்கு ஒரு வயது ஆனபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள். முதல் பல் விழுந்ததைப் பார்த்தவள் அவள். பெற்றவர்கள் இருவரும் காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்கப்புறம் பிள்ளைக்கு எல்லாமே பூரணிதான், அதாவது வேலுக்கனிதான். மாலை ஆறரைக்குக் கையுறையைக் கழற்றினால் பத்து நிமிஷ நடையில் அவள் வீடு, பத்தாம் வகுப்புப் படிக்கிற அவள் மகள் சொர்ணம். ஒரே நாளில் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று ரெஜினாவிடம் பீற்றிக்கொள்வாள்.

அந்தப் பாக்கியத்தின் தலையில் கல்லைப் போடத்தான் அன்றைக்குச் சூப்பர்வைசர் பிரதாப் வந்தான்.

"அக்கா, ஒரு நல்ல சேதி."

நல்ல சேதி என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை வேலுக்கனி என்றைக்குமே நம்பியதில்லை. "சொல்லுங்க தம்பி" என்றாள்.

"நாலு வருஷமா நீங்க தூக்குனது, ஊட்டுனது, குளிப்பாட்டுனது எல்லாத்தையும் பூரணி உள்ளுக்குள்ள பதிஞ்சு வச்சுக்கிட்டே வந்திருக்கு. இனிமே அதுவே தானா செய்யும்."

"தானான்னா?"

"நீங்க இல்லாம."

"அப்ப விளம்பரத்துல சொன்ன பொய் இப்பத்தான் நெசமாகப் போகுது."

பிரதாப் நெளிந்தான். பாவம், நல்ல பையன்தான். "பத்து நாள் சோதனை. நீங்க நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டா போதும். கையுறை மட்டும் போட்டுறாதீங்க. போட்டா கட்டுப்பாடு உங்க கைக்கு வந்துரும், சோதனை கெட்டுரும், அப்புறம் மேல இருக்கிறவங்க என்னையும் சேத்து வீட்டுக்கு அனுப்பிருவாங்க. குழந்தை வித்தியாசம் கண்டுபிடிக்கலேன்னா பாஸ்."

"பாஸானா எனக்கு?"

"வேற இடம் குடுப்பாங்கக்கா. குடோன்ல பெட்டி தூக்குற மிஷின்."

"பிள்ளை தூக்குன கையில பெட்டியா?" வேலுக்கனி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "சரி, நான் செய்த அம்புட்டையும் அது செய்யுமா?" என்று கேட்டாள்.

"எல்லாம் செய்யும். தப்பை மட்டும் வடிகட்டிட்டோம். பதிவைப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுது, தினமும் காலையில நெத்தியில கையை முட்டிக்குது, அதுலதான் விரல் உடையுது, அதை எடுத்தாச்சு. உங்களுக்குத் தலைவலின்னு சிஸ்டம் எழுதி வச்சிருக்கு."

ரெஜினா பக்கத்திலிருந்து களுக்கென்று சிரித்துவிட்டாள். வேலுக்கனிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சோதனையின் முதல் நாள், கையை மடியில் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாடியில் சென்னை வீடு தெரிந்தது. பூரணி போர்வையை விலக்கியது. உள்ளங்காலில் ஒரு விரலால் கோடு போட்டது. மிதுளா சிணுங்கிக்கொண்டே சிரித்தாள். அட பாவி, அது என் வித்தையல்லவா! பல் தேய்க்க வைத்தது, வாய் கொப்பளிக்க வைத்தது. இட்லியை நாலாகப் பிட்டு, ஒன்றை யானைக்கு, ஒன்றைப் பூனைக்கு என்று ஊட்டியது. மிதுளா தும்மினாள். "நூறு" என்றது பூரணி. மறுபடி தும்மினாள். "இருநூறு" என்றது. வேலுக்கனி தும்மலுக்குத் தும்மல் சொல்லி வந்ததை ஒன்று விடாமல் அப்படியே கற்று வைத்திருந்தது.

தன்னையே கண்ணாடியில் பார்க்கிற பெருமை ஒரு பக்கம். நெஞ்சுக்குள் மிளகாய் அரைக்கிற எரிச்சல் ஒரு பக்கம். 'கண்டுபிடிச்சிரு தாயி, இது நான் இல்லைன்னு கண்டுபிடிச்சிரு' என்று மனசுக்குள் கும்பிட்டாள். பிள்ளையோ யானைக்கு இன்னொரு வாய் கேட்டுக்கொண்டிருந்தது.

சீருடை ஆயிற்று, பை ஆயிற்று. மிதுளா வாசலில் போய் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள், தாடையைத் தூக்கிக்கொண்டாள், காத்திருந்தாள்.

"வேன் வந்துவிட்டது மிதுளா, போகலாம்" என்றது பூரணி.

"இன்னும் செய்யல."

"என்ன செய்ய வேண்டும்?"

மிதுளாவுக்கு அதன் பெயர் தெரியாது. தினமும் நடக்கிற காரியத்துக்கு யார் பெயர் கேட்டு வைத்தார்கள்? "அதான், அது!" என்று காலை உதைத்தாள். பூரணி காலரைச் சரிசெய்தது. ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டியது. தண்ணீர் பாட்டிலைக் காட்டியது. மிதுளா வாசல்படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வேன் போயே போய்விட்டது.

தகவல் போய், தகப்பன் கௌதமன் பாதி வழியிலிருந்து ஓடி வந்தான். மிதுளா இரண்டு முஷ்டியையும் நெற்றியில் வைத்து வைத்துக் காட்டினாள். அவன் பிள்ளைக்குத் தலைவலி என்று முடிவு கட்டி மருந்தைத் தேடினான். கோவில்பட்டியில் வேலுக்கனி கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தலைவலியாம்! தகப்பனும் சிஸ்டமும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சிருக்காக" என்றாள் ரெஜினாவிடம்.

மறுநாள் தாய் அபிரூபா லீவு போட்டுவிட்டு நின்றாள். அதே வாசல், அதே கூத்து. "எனக்குச் செஞ்சு காட்டு கண்ணா" என்று அவள் மண்டியிட்டதும், மிதுளா அம்மாவின் கன்னம் இரண்டையும் வழித்து, தன் நெற்றியில் வைத்து அழுத்திக் காட்டினாள்.

அபிரூபா திகைத்துப்போனாள். "நெட்டி முறிக்கிறதா? கல்யாண வீட்டுல என் அத்தைங்க செய்வாங்களே, அதுவா? உனக்கு யாரு செஞ்சா?"

"பூரணி. தினமும்."

"சரி, நான் செய்யறேன் வா."

"நீ இல்ல. பூரணிதான் செய்யணும்." மிதுளா பூரணியை நிமிர்ந்து பார்த்தாள். உதடு பிதுங்கியது. "இது பூரணி இல்லம்மா. பூரணி மாதிரி இருக்கு. என் பூரணி எங்க போச்சு?" என்று ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

வேலுக்கனி பிரதாப்பைப் பார்த்தாள். பிரதாப், "அக்கா, வேண்டாம்" என்றான். "அக்கா, ப்ளீஸ்" என்றான்.

"தம்பி, பிள்ளை அழுதா நான் மனுஷியில்லை" என்று சொல்லிக் கையுறையை மாட்டினாள். கன்னம் இரண்டையும் வழித்தாள். என் கண்ணே, என் செல்லமே என்று நெற்றிப் பொட்டில் வைத்து ஒரே அழுத்து. இங்கே எட்டு நெட்டி முறிந்தது. அங்கே 'டக்'. ஐந்தாவது தடவையாக விரல் போயிற்று. மிதுளா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டாட்டா பூரணி" என்று வேனுக்கு ஓடினாள். பிரதாப் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

வேன் போனதும் அபிரூபா கதவைச் சாத்திவிட்டு, பூரணிக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். படித்தவள், புத்திசாலி.

"கண்ணு பட்டுடும்னு ஒரு மிஷின் பயப்படுமா?"

அபிரூபா பூரணியின் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தாள்.

"உள்ள யாரு?"

வேலுக்கனியின் கண்ணாடி முழுக்க அந்த முகம்தான் தெரிந்தது. பொய் சொல்லலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. "நான்தாம்மா. வேலுக்கனி" என்றாள். "நான்தான் அம்மா, என் பெயர் வேலுக்கனி" என்றது பூரணி.

அபிரூபாவுக்கு முகம் சிவந்தது. "நாலு வருஷம்! என் வீட்டுல, என் கண்ணு முன்னால, எனக்குத் தெரியாம ஒரு ஆளா? உங்க முன்னால நான் அழுதிருக்கேன். சண்டை போட்டிருக்கேன். நைட்டியோட அலைஞ்சிருக்கேன்! மிஷின்தானேன்னு ஒரு தடவை 'வணக்கம்'னுகூடச் சொன்னதில்ல."

"ஏ தாயி, நான் எதையும் வெளியில சொன்னதில்ல. எம் மக மேல சத்தியம். உங்க அழுகைய நீங்க அழுதீக, நான் பிள்ளைய அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போனேன், அம்புட்டுதான்." கொஞ்சம் யோசித்து, வாய் சும்மா இருக்காமல் சேர்த்துக்கொண்டாள்: "ஆனா போன மாசச் சண்டையில தப்பு அவுக மேலதான்."

"ஆயினும் சென்ற மாதச் சண்டையில் தவறு உங்கள் கணவருடையதே" என்று பூரணி தேன்குரலில் தீர்ப்புச் சொன்னது. கோபத்தின் உச்சியில் இருந்த அபிரூபா பொசுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகத் தன் மேலேயே கோபப்பட்டு, எழுந்து உள்ளே போனாள்.

அதற்கப்புறம் நான்கு நாள் வேலுக்கனிக்கு வேலையில்லை. வீட்டில் இருந்தாள். பாத்திரத்தை இரண்டு தடவை விளக்கினாள். சொர்ணத்துக்கு மூன்று தடவை தலை பின்னிவிட்டாள். "அம்மா, எனக்கு அஞ்சு வயசில்ல" என்று மகள் அலுத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் பிரதாப்பிடமிருந்து போன் வந்தது. "அக்கா, அந்தம்மா கம்பெனியை உலுக்கி எடுத்துட்டாங்க. ஊருக்கே சொல்லிருவேன்னாங்க. மேலிடம் இறங்கி வந்துருச்சு. மறுபடி நீங்களே ஓட்டலாம். ஆனா மூஞ்சி தெரியாத ஆளை வீட்டுக்குள்ள விடமாட்டாங்களாம். பிள்ளையோட நேர்ல வாராங்க. உங்களைப் பாத்து மிதுளா பயப்படலேன்னா நீங்க. பயந்தா தானா ஓடுற மிஷின்தான், நெட்டி முறிக்கிறதையும் சேத்துக் கத்துக்குடுத்துருவாங்களாம்."

சனிக்கிழமை காலை, இருக்கிறதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வேலுக்கனி பொம்மை ஆபீஸின் வாசலில் நின்றாள். ரயிலடியிலிருந்து வந்த கார் நின்றது. அபிரூபா இறங்கினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மிதுளா இறங்கினாள். ஐயோ, எவ்வளவு குட்டியாக இருக்கிறது பிள்ளை! கண்ணாடியில் பார்த்தபோது இன்னும் உயரமாகத் தெரிந்தது. ஓடிப்போய்த் தூக்கத்தான் கை நீண்டது.

மிதுளா சட்டென்று அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தாள். "இந்த ஆன்ட்டி யாரும்மா?"

"இவங்கதான் கண்ணா, பூரணிக்கு உள்ள இருந்து உன்னைப் பாத்துக்கிட்டவங்க."

"பொய். பூரணிக்கு மூக்குத்தி கிடையாது. வீட்டுக்குப் போலாம்."

வேலுக்கனி நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள். இப்படி ஒரு பிள்ளை ஒளிவது அவளுக்குப் புதிதில்லை. இந்த வேலைக்கு முந்தி சென்னையில் ஒரு வீட்டோடு தங்கி வேறொருவர் பிள்ளையை வளர்த்தாள். ஒரு பொங்கலுக்கு ஊர் வந்தபோது, மூன்று வயதுச் சொர்ணம் இதேபோல அத்தையின் பின்னால் ஒளிந்துகொண்டு, "இது யாரு?" என்று கேட்டது. அன்றைக்கு இரண்டு நாள் அழுதாள். இன்றைக்கும் அழுகை வாசல் வரை வந்து நின்றது. ஆனால் அழுகிற ஆன்ட்டியைப் பார்த்தால் பிள்ளை இன்னும் பயப்படுமே என்று விழுங்கிக்கொண்டாள்.

அபிரூபாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "ரெண்டு மூணு நாள் பழகினா சரியாயிடும். நீங்க எங்களோடயே சென்னைக்கு வந்துடுங்களேன். மிஷினே வேண்டாம்" என்றாள்.

"இல்ல தாயி. ஒரு பிள்ளைக்காக இன்னொண்ண விட்டுட்டு ஒருதரம் போனேன். போதும். பிள்ளை பூரணியத்தான கேக்கு? காட்டுவோம், வாங்க" என்று மாடிக்குக் கூட்டிப் போனாள்.

வேலுக்கனி நாற்காலியில் உட்கார்ந்து கையுறையை மாட்டினாள். கண்ணாடியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள். அபிரூபா வீட்டுக்கு வீடியோ கால் போட்டாள். கௌதமன் காப்பியும் கையுமாகப் போனைப் பூரணிக்கு முன்னால் சாத்தி வைத்தான்.

"பூரணி!" மிதுளா போனோடு ஒட்டிக்கொண்டாள். வேலுக்கனிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரயில், ஜன்னல், முறுக்கு என்று கதை அளந்தாள். வேலுக்கனி பதில் சொன்னாள். போனிலிருந்து பூரணியின் குரல் வந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. மிதுளா பேச்சை நிறுத்தினாள். மெதுவாகத் திரும்பினாள்.

"பூரணி, கையைத் தூக்கு."

போனில் ஒரு கை உயர்ந்தது. நாற்காலியில் ஒரு கை உயர்ந்தது.

"மூக்கைத் தொடு." இரண்டு பேரும் தொட்டார்கள். "காதைப் புடி." பிடித்தார்கள். "ரெண்டு காதையும் புடிச்சு நாக்கை நீட்டு." வேலுக்கனி நீட்டினாள். பூரணிக்கு நாக்கு கிடையாது. மிதுளா கெக்கெக்கே என்று சிரித்தாள். ஆனாலும் லேசில் ஏமாறுகிற பிள்ளையா அது? வேலுக்கனி வளர்த்த பிள்ளை. கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்: "நீதான் பூரணின்னா, பாகற்காயை எங்க போட்டோம்?"

"சொல்லலாமா? உங்கம்மா பக்கத்துல நிக்காகளே."

"காதுல சொல்லு."

வேலுக்கனி குனிந்தாள். "பால்கனி ரோஜாத் தொட்டிக்குள்ள, மண்ணைத் தோண்டி. மூணு தடவை" என்று கிசுகிசுத்தாள்.

மிதுளா காதைப் பொத்திக்கொண்டு விலகினாள். அவள் கண் விரிந்தது ரகசியத்துக்காக இல்லை. "பூரணி, உனக்குக் காத்து வருது!" என்றாள். மறுபடி காதைக் கொண்டுவந்து வைத்தாள். "இன்னொரு தடவை சொல்லு. சுடச்சுட வருது!" கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பூவை மோந்தாள். வயிற்றில் விரலால் குத்தினாள். "அம்மா, பூரணி உள்ள மெத்துமெத்துன்னு இருக்கும்மா!" என்று கூவிக்கொண்டே மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்த வயிற்றில் சாய்ந்துகொண்டாள். வேலுக்கனி இரண்டு கையாலும் பிள்ளையை வளைத்து இறுக்கிக்கொண்டாள். விழுங்கி வைத்த அழுகையெல்லாம் இப்போது சிரிப்போடு சேர்ந்து வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டாள். பிரதாப் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான். அபிரூபா போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

போனிலிருந்து கௌதமனின் குரல் வந்தது.

"அபி, லைன்ல இருக்கியா? இங்க பூரணிக்கு ஏதோ கோளாறு. வெறுங்காத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, தலையைச் சாய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. அசையவே மாட்டேங்குது. சர்வீசுக்குச் சொல்லவா?"

"வேண்டாம்" என்றாள் அபிரூபா. "பூரணி இப்ப வேலையில இருக்காங்க. தொந்தரவு பண்ணாதீங்க."